கைப்பிடியில் ஒரு பை

புதன்கிழமை காலை ஆறு மணிக்கு
ஹியோல் வென் எங்கள் முறை.
வேல்ஸ் மொழியில் வெள்ளைத் தெரு என்று அர்த்தம்;
வீடெல்லாம் சாம்பல் கல்.
லாரியை ஹெத்வின் ஓட்டுகிறான்.
நான் பின்னால் நடக்கிறேன்,
வாசலுக்கு ஒன்றாய் நிற்கும் பழுப்புத் தொட்டிகளைத்
தூக்கிக் கவிழ்த்தபடி.

உள்ளே சோளமாவில் செய்த பச்சைப் பை.
தொட்டால் கன்றுக்குட்டியின் காதுபோல் இருக்கும்.
மூன்று நாள் தாங்கும்.
நாலாம் நாள் அடியில் வியர்க்கும்.
ஐந்தாம் நாள் தன் வேலையை
முன்கூட்டியே ஆரம்பித்துவிடும்.
குறை சொல்லி என்ன?
மக்குவதற்கென்றே பிறந்ததிடம்
மக்காதே, புதன்வரை பொறு என்கிறோம்.

இத்தனைக்கும், போய்ச் சேரும் ஆலையில்
முதல் வேலையாகப் பையைத்தான்
உரித்து எறிகிறார்களாம்.
ஹெத்வின் சொல்கிறான்.
அவன் சொல்வதில் பாதி மெய்,
எந்தப் பாதி என்பதுதான் தெரிவதில்லை.

பைகள் தீர்ந்துபோனால்
கடைசிப் பையைத் தொட்டியின் கைப்பிடியில்
முடிந்து வைப்பார்கள்.
பார்த்ததும் புதுச்சுருள் ஒன்றை வைத்துவிட்டுப் போவேன்.
கதவு தட்ட வேண்டாம், கையெழுத்து வேண்டாம்.
இந்தத் தெருவில் யாரும் யாரிடமும்
இவ்வளவு சுலபமாய்
வேறெதையும் கேட்டதாய் எனக்குத் தெரியாது.

போன மாதம், மழை.
இருபத்துமூன்றாம் வீடு.
பை தொட்டியின் அடியில் ஒட்டிக்கொண்டு வர மறுத்தது.
முடிச்சைப் பிடித்து இழுத்தேன்.
முடிச்சு மட்டும் கையோடு வந்தது.

நடைபாதையில் கிடந்தன
லீக் தண்டின் முனைகள், முட்டை ஓடு,
காப்பிச் சக்கை,
ஒரு முழு கேக்.
வெட்டாத கேக்.
மேலே மெழுகுவத்தி நின்ற குழிகள்.
எண்ணாமல் இருந்திருக்கலாம். ஏழு.
மஞ்சள் நிறம்.
வனிலாவா வேறெதுவா என்று தெரியவில்லை,
சளி பிடித்து அன்று எனக்கு மூக்கே இல்லை.

மண்வாரியால் வழித்தேன்.
மழை உதவியது, கொஞ்சம் அதிகமாகவே உதவியது:
க்ரீம் ஓடையாகி
அடுத்த வீட்டு வாசல்வரை போனது.
நிமிர்ந்தால் ஜன்னலில் ஒருவர்.
காலை ஆறேகாலுக்கு
முகச்சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையில்.
கதவில் பெயர்ப்பலகை: ப்ரொதரோ.
ஏதாவது செய்ய வேண்டும்போல் கையைத் தூக்கினேன்.
கையில் மண்வாரி இருந்தது.
அவருக்கு அது என்னவாய்த் தெரிந்ததோ.

"என்ன ஆச்சு?" ஹெத்வின் கத்தினான்.
"பை கிழிஞ்சுது."
அவன் பையைத் திட்டினான், கவுன்சிலைத் திட்டினான்,
கடைசியில் சோளத்தையே திட்டினான்.

அடுத்த புதன்.
இருபத்துமூன்றில் பைக்குள் பை,
அதற்குள்ளும் ஒரு பை.
முடிச்சு, கப்பல்காரன் போட்டதுபோல்.
உள்ளே கனமே இல்லை,
மூன்று டீ பை, ஒரு ஆப்பிள் காம்பு இருக்கலாம்.
கைப்பிடியில் ஒரு வெறும்பை
காற்றை வாங்கி ஊதிக்கொண்டிருந்தது.
சுருள் இரண்டு வைத்தேன்.
விதிப்படி வீட்டுக்கு ஒன்று.
ஹெத்வின் பக்கக் கண்ணாடியில் பார்த்தான்,
கியரை மாற்றினான்.

அதற்கும் அடுத்த புதன்
தொட்டி மூடிமேல் ஒரு சுருள், பிரிக்காமல்.
ரப்பர் வளையத்தில் செருகிய துண்டுக் காகிதம்.
நனையாதிருக்க அதற்கும் ஒரு பச்சைப் பை.
பென்சிலில், ஒவ்வோர் எழுத்தும் தனித்தனியே நிற்க:

ஒன்று போதும்.
கேக் எலுமிச்சை.

ஜன்னலில் திரை போட்டிருந்தது.
சுருளை லாரிக்குள் எறிந்தேன்.
காகிதமும் மக்கும் வகைதான்,
தொட்டியில் போட்டிருக்கலாம்.
போடவில்லை.

இருபத்தைந்தில் யாரோ
பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்திருந்தார்கள்.
சிவப்புச் சீட்டை ஒட்டிவிட்டு
நடந்தேன்.